ஹெரிங் திரும்பாத கடல்

1964 மார்ச் 27, பெரிய வெள்ளி. அலாஸ்காவை உலுக்கிய நிலநடுக்கத்தை அடுத்து எழுந்த ஆழிப்பேரலை, பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற உள்கடலின் கரையிலிருந்த செனேகா என்னும் பழங்குடி ஊரை அள்ளிச் சென்றது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மாண்டனர். சிதறிப்போனவர்கள் 1984 இல்தான் வேறொரு தீவில் தம் ஊரை மறுபடி அமைத்தார்கள்.

ஐந்தே ஆண்டுகள். 1989 மார்ச் 24, மீண்டும் பெரிய வெள்ளி. நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் ‘எக்ஸான் வால்டீஸ்’ எண்ணெய்க் கப்பல் அதே உள்கடலில் பாறைத்திட்டில் ஏறியது. சுமார் 1.1 கோடி கலன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. கடல் அமைதியாக இருந்த முதல் நாட்கள் தயார்நிலை இல்லாமையால் வீணாயின. பிறகு புயல் வந்து எண்ணெயைக் கரைகளுக்குத் துரத்தியது.

இறந்த கடற்பறவைகள் இரண்டரை இலட்சம், கடல் நீர்நாய்கள் 2,800 என்பது பின்னாளைய மதிப்பீடு. நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப்போல் தோலடிக் கொழுப்பு இல்லை. அடர்ந்த மயிர்தான் அதன் போர்வை. எண்ணெய் படிந்ததும் மயிர் திரிதிரியாக ஒட்டிக் குளிர் உள்ளே புகுந்தது. நக்கித் துடைத்தவை நஞ்சையும் விழுங்கின.

செனேகா மக்களுக்குக் கடலே களஞ்சியம். சீலையும் சிப்பியையும் மீனையும் உண்ணலாமா என்ற ஐயம் வந்தபின் கடையுணவு அந்த இடத்துக்கு வந்தது. கரையைத் துடைக்க நிறுவனம் மணிக்கு 16.69 டொலர் கொடுத்தது. அந்த வேலை கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் இடையே மீனவ ஊர்களில் பகை மூண்டது.

கோர்டோவா மீனவருக்கு ஆண்டின் முதல் வருமானம் இளவேனிலில் வரும் ஹெரிங். 1991 இல் அரசுகள் 90 கோடி டொலருக்கு நிறுவனத்துடன் உடன்பாடு செய்து வழக்கை முடித்தன. ஹெரிங் சரிந்ததோ 1993 இல். எண்ணெயா, நோயா, இரண்டும் சேர்ந்தா என்று அறிவியலாளர் இன்றும் வாதிடுகிறார்கள். இளஞ்சிவப்புச் சால்மனும் பொய்த்த அந்த ஓகஸ்டில் மீனவர்கள் தம் படகுகளை வால்டீஸ் நீரிணையில் குறுக்கே நிறுத்தி எண்ணெய்க் கப்பல்களை மறித்தார்கள்.

1994 இல் நடுவர் குழு விதித்த தண்டனை இழப்பீடு 500 கோடி டொலர். மேன்முறையீடுகள் நீண்டன. 2008 இல் உச்ச நீதிமன்றம் அதை 50.75 கோடியாகக் குறைத்தது. வழக்காளிகள் 32,000 பேரளவில் இருந்தனர். அவர்களில் பலர் தீர்ப்பைக் காண உயிரோடில்லை.

நன்மை ஒன்று விளைந்தது. 1990 இல் வந்த சட்டம் எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் கொண்ட உடலைக் கட்டாயமாக்கியது. நீர்நாய்களும் கால் நூற்றாண்டில் மீண்டன. ஹெரிங் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அந்த உள்கடலில் காணப்படும் ஓர்க்காக் கூட்டமொன்றில் கசிவுக்குப் பின் கன்று எதுவும் பிறந்து தங்கவில்லை.

கோப்பை மூடுவதற்கு நீதிமன்றத்திடம் ஒரு தேதி உண்டு. கடலிடம் அப்படி ஒன்று இல்லை. இழப்பு முழுதாக வெளிப்படும் முன்பே அதற்கு விலை பேசப்பட்டதுதான் கோர்டோவாவுக்கு நேர்ந்த இரண்டாவது விபத்து.