மண்டோர், சூப்பர்வைசர், டீம் லீடர்: நல்ல வேலையிடம் யார் கையில்?

ஒரு தொழிற்சாலையில் ஆயிரம் பேர் வேலை செய்யலாம். அவர்களில் பெரும்பாலோர் நிர்வாக இயக்குநரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை நிறுவனம் என்பது காலையில் பெயர் கூப்பிடுபவர்தான். தோட்டத்தில் அவர் மண்டோர். தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அலுவலகத்தில் டீம் லீடர். யாருக்கு எந்த வேலை, யாருக்கு ஓவர்டைம், யாருக்கு விடுப்பு, எம்.சி. எடுத்தவரை மறுநாள் எந்த முகத்தோடு வரவேற்பது என எல்லாம் அவர் வழியாகவே வருகின்றன.

தலைமைத்துவம் என்றதும் பெரிய பதவிகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு வேலையிடம் எல்லாரையும் அணைத்துச் செல்கிறதா, ஒதுக்கி வைக்கிறதா என்பது இந்த நடுநிலைப் பொறுப்பாளர்கள் அன்றாடம் எடுக்கும் சிறு சிறு முடிவுகளில்தான் தெரியும். இந்நாட்டுத் தமிழர்கள் பலர் இன்று இந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் வரலாறும் உண்டு, சட்டமும் உண்டு.

கங்காணி காலத்துப் பாடம்

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் தடை செய்யப்பட்டது. அதோடு கங்காணி முறையே ஆள் சேர்க்கும் முக்கிய வழியானது. கங்காணி தம் ஊருக்குச் சென்று ஆள்களைத் திரட்டி வருவார். தோட்டத்தில் அவர்களை மேய்ப்பவரும் அவரே. தம் கீழ் வேலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைப்படி அவருக்குத் தனிக் காசு கிடைத்தது. உடம்பு முடியாதவர் வீட்டில் படுத்தால் கங்காணியின் வருமானம் குறையும். ஆளை எப்படியாவது பெரட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதில் அவருக்கே ஆதாயம் இருந்தது. நல்ல மனம் கொண்ட கங்காணிகளும் இருந்திருப்பார்கள். ஆனால், அந்த ஏற்பாடு நல்ல மனத்துக்குக் கூலி கொடுக்கவில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஆர்.எச். நாதன் முதலானோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் சம்பள உயர்வும் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலியும் கேட்கப்பட்டன. அவற்றோடு வேறு கோரிக்கைகளும் வந்தன. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். கொடுமை செய்யும் பணியாளர்களை நீக்கி, தமிழ் படித்தவர்களை அமர்த்த வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல கல்வியும் நோய்க்கு முறையான மருத்துவமும் வேண்டும்.

நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அந்தப் பட்டியலை இன்று படித்தால் ஒன்று தெளிவாகும். மரியாதை, பெண்களின் பாதுகாப்பு, புரியும் மொழியில் பேசும் மேற்பார்வையாளர், சம வேலைக்குச் சமக் கூலி, குறையைச் சொல்ல ஒரு வழி. நிறுவனங்கள் இன்று பட்டறை வைத்துச் சொல்லித் தரும் பலவற்றைத் தோட்டப் பாட்டாளிகள் 1941-லேயே கோரிக்கையாக வைத்துவிட்டார்கள்.

தவறைச் சொல்ல முடிகிற இடம்

ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆய்வு செய்தார். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. கிடைத்த கணக்கோ நேர்மாறாக இருந்தது. சிறந்த தலைமை கொண்ட குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம், அங்கிருந்தவர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற குழுக்களிலும் தவறு நடந்தது. ஆனால், பயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பேசினால் அவமானமோ தண்டனையோ வராது என்ற இந்த நம்பிக்கையை அவர் ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற பெயரில் 1999-இல் விளக்கினார்.

இது மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. ஃபோர்க்லிஃப்டின் பிரேக் சரியில்லை என்று முதலில் அறிபவர் அதை ஓட்டுபவர். கையுறை கிழிந்து மருந்து கையில் படுகிறது என்று முதலில் அறிபவர் செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் பெண். போன தடவை இப்படிச் சொன்னவர் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்கியிருந்தால், இந்தத் தடவை யாரும் சொல்ல மாட்டார்கள். விபத்து நடந்த பிறகுதான் மேலிடத்துக்குத் தெரியும்.

ஆகவே, கெட்ட செய்தி வரும்போது மேற்பார்வையாளர் காட்டும் முதல் முகம் மிக முக்கியம். ‘யார் செய்தது?’ என்பதற்கு முன் ‘என்ன நடந்தது?’ என்று கேட்பவரிடம் அடுத்த செய்தியும் வந்து சேரும். கண்டிக்க வேண்டியதைத் தனியே அழைத்துக் கண்டிப்பது, சொன்ன குறைக்கு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து பதில் சொல்வது ஆகிய இரண்டும் செலவில்லாதவை. கேட்டது நடக்காது என்றால்கூட, ஏன் நடக்காது என்று சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே இல்லாமல் விடுவதுதான் மனத்தைக் கசக்கும். திருக்குறளின் அரசியல் பகுதியில் ‘வெருவந்த செய்யாமை’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆள்பவர் தம் கீழ் உள்ளவர்கள் அஞ்சும்படி நடக்கக் கூடாது என்பது நமக்குப் புதிய கருத்தன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

நல்ல தலைமை தனி ஒருவரின் குணத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இந்நாட்டில் சில கடமைகள் சட்டமாகவே இருக்கின்றன. திருத்தப்பட்ட 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. மேற்பார்வையாளர்கள் அறிந்திருக்க வேண்டிய சில:

வேலை நேரம்: வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டுள்ளது.

பிரசவ விடுப்பு: 98 நாள். கர்ப்பிணியை, ஒழுங்கு மீறல், நிறுவனம் மூடப்படுதல் போன்ற சில காரணங்களைத் தவிர, வேலையை விட்டு நீக்கக் கூடாது.

தந்தையர் விடுப்பு: மணமான ஆண் ஊழியருக்குத் தொடர்ந்து 7 நாள். அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும்.

நெகிழ்வான வேலை ஏற்பாடு: வேலை நேரம், நாள் அல்லது இடத்தை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால், கேட்டவரைக் காத்திருக்க வைத்தே ஓய்ந்துபோகச் செய்ய முடியாது.

பாலியல் தொல்லை: புகாரை விசாரிப்பது முதலாளியின் கடமை. விழிப்புணர்வு அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வைத்திருப்பதும் கட்டாயம்.

பாரபட்சம்: வேலையில் பாரபட்சம் காட்டப்பட்டதாகத் தகராறு எழுந்தால், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். ஆனால், பாரபட்சம் எது என்று இச்சட்டம் விளக்கம் தரவில்லை. அதனால் வேலையிடத்திலேயே எழுத்தில் உள்ள தெளிவான விதிமுறை அவசியமாகிறது.

பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் உண்டு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. உடனடி ஆபத்து இருப்பதாகச் சொல்லியும் முதலாளி எதுவும் செய்யாவிட்டால், ஊழியர் அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். பாதுகாப்புக் குறையைப் புகார் செய்தார் என்பதற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வது குற்றம். 40 பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும்.

தீபாவளி விடுப்பும் ஓவர்டைமும்

சட்டம் தொடாத இடங்களில்தான் மனக்கசப்பு அதிகம். தீபாவளி பொது விடுமுறையாயிற்றே, எப்படியும் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் உண்டு. அவற்றில் தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், மாநில ஆட்சியாளர் பிறந்த நாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய 5 மட்டுமே மாற்ற முடியாதவை. மற்ற 6 நாள்களை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறக்கும் முன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தீபாவளி இந்தப் பட்டியலில் இல்லாமல் போகவும் கூடும். எனவே, டிசம்பர் மாதமே பட்டியலைப் பார்த்துப் பேசுவது நல்லது. பல இனத்தவர் வேலை செய்யும் பிரிவில், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றுக்கு யார் யாருக்காக ஷிப்ட் மாற்றிக்கொள்வது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைக்கும் மேற்பார்வையாளர் பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடுவார்.

ஓவர்டைமும் அப்படியே. தெரிந்தவர்களுக்கும் கூடச் சேர்ந்து சாப்பிடப் போகிறவர்களுக்கும் மட்டும் வாய்மொழியாகக் கொடுக்கும்போது, சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார்களும் புதிதாக வந்தவர்களும் தாமாகவே ஒதுங்கிப்போகிறார்கள். சுற்று முறைப்படி பெயர் எழுதிப் பலகையில் ஒட்டினால், கிடைக்காதவருக்கும் தம் முறை எப்போது வரும் என்று தெரியும்.

இன்று வரிசையில் நிற்பவர்கள்

பெயர் கூப்பிடும் இடத்துக்கு நம்மவர்கள் வந்துவிட்டார்கள். எதிரே வரிசையில் நிற்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். நம் தாத்தா பாட்டிகளைப் போலவே கடன் வாங்கிக் கடல் கடந்தவர்கள், மேற்பார்வையாளரின் மொழி புரியாதவர்கள் அவர்களில் பலர்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது. அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைத்தல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், கடனால் கட்டிப்போடுதல், மிரட்டல், அளவுமீறிய ஓவர்டைம், மோசமான தங்குமிடம் ஆகியவை அவற்றுள் சில. மலேசியச் சட்டத்திலும் கட்டாய உழைப்பு 2023 முதல் தனிக் குற்றம். 100,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அனுமதியின்றி மற்றவரின் கடப்பிதழை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளமும் உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

இதில் மேற்பார்வையாளரின் பங்கு பெரிது. ‘மேலிடம் சொன்னது’ என்று கடப்பிதழை வாங்கி வைப்பவரும், ‘ஊருக்கு அனுப்பிவிடுவேன்’ என்று மிரட்டுபவரும் பெரும்பாலும் அவர்தான். காலை விளக்கத்தைப் படம் காட்டியோ, அவர்களில் மலாய் தெரிந்த ஒருவரை வைத்தோ புரியவைப்பவரும் அவராக இருக்கலாம். ‘பங்ளா’ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குச் சட்டம் தேவையில்லை. ‘கிளிங்’ என்ற சொல்லின் வலி தெரிந்த சமூகத்துக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதும் இல்லை.

குறை இருந்தால்

முதலில் நாள், நேரம், நடந்தது, உடனிருந்தவர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டையும் வாட்ஸ்ஆப் தகவல்களையும் அழிக்காதீர்கள். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலோ தொழிற்சங்கத்திலோ எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் வேலை செய்யும் வட்டாரத்திலுள்ள தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

ஒழுங்கு மீறலுக்காக ஒருவரை நீக்கும் முன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்பது வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே உள்ளது. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின்கீழ் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் வழி அடைபட்டுவிடும். எனவே, ‘பேசிப் பார்க்கலாம்’ என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

புதிதாக மேற்பார்வைப் பொறுப்புக்கு வருபவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அவர் பிரிவில் இந்த மாதம் யாராவது ஒரு குறை சொன்னார்களா? யாருமே சொல்லவில்லை என்றால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. அவர்கள் சொல்லப் பயப்படுகிறார்களா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.