சட்ட அச்சமும் அதன் சரித்திரமும்

சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவன போலீஸ், அபராதம், சிறை என்பனவே. அது தமக்குத் துணையாகும் என்று எண்ணுவோர் மிகச் சிலர். கூலி பிடிக்கப்பட்டாலும், வேலை போனாலும், லயத்து வீட்டைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தாலும், “நமக்கேன் கோர்ட்டு கச்சேரி” என்று ஒதுங்குவதே வழக்கமாயிருக்கின்றது. இதனை வெறும் அறியாமை என்று இகழ்வார் உளர். நாம் அதற்கு உடன்படோம். இவ்வச்சத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதனை அறிந்தாலன்றி இதனைக் களைதல் அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிய நம் முன்னோர் இந்நாட்டில் முதன்முதற் கண்ட சட்டம், ஒப்பந்தக் கூலிச் சட்டமே. கப்பற் செலவு முதலியன அவர் தலையிற் கடனாக ஏற்றப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டன. தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குவது குற்றம். நீங்கியவனைப் பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்திச் சிறையிலிடவும் அச்சட்டம் இடங் கொடுத்தது. பிழைக்க வந்தவன் வேறிடம் நாடுவதே களவுபோன்ற குற்றமாயிற்றென்றால், அவன் சட்டத்தைக் கண்டு நடுங்கியதில் வியப்பென்ன?

பின்னர் நிலைமை சிறிது சிறிதாக மாறிற்று. 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. முதலாளிமார் செலுத்திய அப்பணத்தால் தொழிலாளர் கப்பற் கடனின்றி வரலாயினர். 1910 இல் ஒப்பந்தத்திற்கு ஆள் பிடித்தல் நிறுத்தப்பட்டது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விடும் உரிமையும் வந்தது. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923 ஆம் வருடத் தொழிற்சட்டமோ, பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பாடசாலை வைக்க வேண்டும் என்றும் விதித்தது. முறையீடு கேட்கத் தொழில் இலாகாவும், கோலாலம்பூரில் இந்திய சர்க்காரின் ஏஜெண்டும் இருந்தனர்.

ஆயினும் உரிமை ஏட்டில் இருந்தது. அதனை அடையும் வழி அடைபட்டிருந்தது. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைதல் கூடாது. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கங்காணியும் கிராணியும் நின்றனர். எவர்மீது குறை சொல்ல வேண்டுமோ, அவர் வாசல் வழியாகவே அக்குறையும் செல்ல வேண்டியிருந்தது.

இக்காரணத்தாலேயே 1941 ஆம் வருடக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை நாம் கூலிப் போராட்டம் என்று மட்டும் கருதுவதில்லை. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அக்கிளர்ச்சியிற் சம்பள உயர்வோடு வேறு சில கோரிக்கைகளும் இருந்தன. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். குறை சொன்னவரைப் பழிவாங்கலாகாது. சங்கம் அமைக்க அனுமதி வேண்டும். துரையையும் கிராணியையும் கண்டு சைக்கிளினின்று இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பன அவை. இவற்றின் சாரம் என்ன? நியாயம் கேட்கப் போகும் பாதையைத் திறந்துவிடுங்கள் என்பதேயன்றோ! சர்க்கார் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பியது. பட்டாளம் சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அன்று கேட்ட பாதை பின்னர்ப் பகுதி பகுதியாகத் திறந்தது. 1955 ஆம் வருட வேலைச் சட்டத்தின்படி, கூலிப் பாக்கிக்காகத் தொழிலாளி லேபர் ஆபீசில் தானே முறையிடலாம், வக்கீல் வேண்டுவதில்லை. தோட்டம் மூடப்பட்டு வேலை இழந்தோர்க்கு, 1980 ஆம் வருட விதிகளின்படி, சேவைக் காலத்துக்கேற்ப வருடத்துக்கு 10, 15 அல்லது 20 நாட் சம்பளம் உரியது. கைதானவர் காரணம் அறியவும் வக்கீலைக் கலக்கவும் அரசியற் சட்டத்தின் 5 ஆம் பிரிவு உரிமை தருகின்றது. சிங்கப்பூரில் 1958 இல் சட்ட உதவிப் பணியகம் தோன்றியது. மலேசியாவில் 1971 ஆம் வருடச் சட்டத்தின்கீழ், வருமானம் குறைந்தோர்க்கு ஜீவனாம்சம் முதலிய வழக்குகளிற் சர்க்கார் வக்கீல்கள் உதவுகின்றனர். வக்கீல் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும் உள்ளன. கைதான குடிமக்களுக்கென ஒரு தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் பணியாற்றி வருகின்றது.

ஆகவே அச்சத்திற்குரிய காரணம் ஒழிந்தது. அச்சம் மட்டும் பரம்பரைச் சொத்தாக நின்றுவிட்டது. இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. நியாயமின்றி வேலையினின்று நீக்கப்பட்டவன், 1967 ஆம் வருடத் தொழில் உறவுச் சட்டத்தின்படி, நீக்கப்பட்ட 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். நம்மவரோ, “மானேஜர் மனமிரங்குவார், தீபாவளி கழியட்டும்” என்று காத்திருப்பர். அறுபத்தோராம் நாள் விழித்தெழுந்து பயன் என்ன? இழந்ததைத் தலைவிதி என்று சொல்லி ஆறுதல் கொள்வர். அது விதியன்று, தேதி தவறியது.

இன்று செம்பனைத் தோட்டங்களில் நம் முன்னோரைப் போலவே கடல் கடந்து வந்து உழைக்கும் வங்காளரும் ஜாவாக்காரரும் இருக்கின்றனர். கூலி கேட்கும் உரிமை அவர்க்கும் உண்டு. அவர்க்கும் அச்சம் உண்டு.

எழுதப் படிக்கத் தெரிந்தோர் செய்ய வேண்டுவது பெருந்தியாகமன்று. சம்பளச் சீட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். எந்தக் குறைக்கு எந்த ஆபீஸ் என்று காட்டுங்கள். நீக்கக் கடிதம் ஒரு வீட்டிற்கு வந்தால், அன்றே அதன் தேதியைப் பார்த்து, அறுபதாம் நாள் எதுவென்று எண்ணி, அவ்வீட்டு நாட்காட்டியிற் குறித்துக் கொடுங்கள்.