பீரும் ஐஸும் மரத்தூளும் - ஒரு திருவல்லிக்கேணி கொசுவத்தி

2022 ஜூலை 19. லண்டன்ல வெயில் 40 டிகிரியைத் தாண்டின நாள். "நம்மூர் ஆளுக்கு 40 எல்லாம் ஒரு வெயிலா?"ன்னு கேக்காதீங்க மக்களே. இங்க வீட்ல மின்விசிறி கிடையாது. சூட்டை உள்ள பிடிச்சு வைக்கிற மாதிரியே சுவரைக் கட்டி வச்சிருப்பாங்க. அன்னைக்குன்னு பார்த்து வாசல்ல ஒரு பெரிய பார்சல். நண்பர் ஒருத்தர் என் பிறந்தநாளுக்கு ஆர்டர் பண்ணின கிராஃப்ட் பீர், 12 டின். ரெண்டு நாள் வேன்லயே ஊர் சுத்திட்டு வந்திருக்கு.

பிரிச்சா உள்ள முழுக்க தெர்மகோல். நடுவுல ரெண்டு ஜெல் பொட்டலம், எப்பவோ உருகி வெந்நீர் ஒத்தடம் ரேஞ்சுக்கு இருந்துது. பீர் டின்னைத் தொட்டா டீ கிளாஸ் மாதிரி சூடு. ஃபிரிட்ஜ்ல வச்சு குடிச்சுப் பார்த்தேன். மாம்பழ வாசனை, ஆரஞ்சு வாசனைன்னு டின்ல எழுதியிருந்துது. எனக்கு நனைஞ்ச அட்டை வாசனை தான் வந்துது. அனுப்பின கம்பெனிக்கு மெயில் போட்டேன், பதிலே இல்லை. அது போகட்டும். தங்கமணி கேட்ட கேள்வி தான் மண்டைக்குள்ள நின்னுடுச்சு: "பீர் போச்சு சரி, இந்த தெர்மகோலை என்ன பண்றது?"

குப்பைக்காரங்க மறுசுழற்சித் தொட்டில அதைப் போடக்கூடாதுங்கறாங்க. பரண்ல ஏத்தினேன். இன்னும் அங்க தான் இருக்கு. அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் நோண்டிப் படிச்சது தான் இந்தப் பதிவு. ஏன்னா இந்தக் கதை சுத்திச் சுத்தி நான் பொறந்து வளர்ந்த இடத்துக்கே வந்து நிக்குது. திருவல்லிக்கேணி, ஐஸ் ஹவுஸ்.

நான் இப்ப இருக்கிறது ஈஸ்ட் ஹாம். டிஸ்ட்ரிக்ட் லைன்ல ஏறினா கொஞ்ச நேரத்துல போ ரோடு ஸ்டேஷன். இந்த போ பகுதியில தான் 1752-ல ஜார்ஜ் ஹாட்சன் ஒரு பீர் ஆலை ஆரம்பிச்சார். பக்கத்துல லீ ஆறு. ஆத்தோட போனா பிளாக்வால், கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்கள் நிக்கிற இடம். கப்பல் கேப்டன்கள் சொந்த வியாபாரத்துக்காக அவர்கிட்ட பீப்பாய் பீப்பாயா வாங்கி மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய்னு கொண்டு போய் வித்தாங்க.

இந்தியாவுக்குன்னே ஹாட்சன் ஐபிஏ-வைக் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை உண்டு. அது நிஜமில்லை. நாள்பட வச்சுக் குடிக்கிற, ஹாப்ஸ் நிறையப் போட்ட பீர் இங்கிலாந்துல ஏற்கனவே இருந்துது. அதைக் கப்பல்ல ஏத்தினப்போ தான் வேடிக்கை. நன்னம்பிக்கை முனையைச் சுத்தி நாலஞ்சு மாசப் பயணம், பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டணும். கெட்டுப் போகாதது மட்டுமில்லை, வந்து சேர்ந்தப்போ நல்லா முதிர்ந்து ருசியாவே இருந்துதாம். ஹாப்ஸ் கசப்பு கிருமியை அண்ட விடாது. பீப்பாய்க்குள்ள ஈஸ்ட் உயிரோட வேலை பார்த்துக்கிட்டே இருக்கும். அதாவது பீரைக் குளிர வைக்க முடியாதுன்னா, சூட்டைத் தாங்குற பீரா அனுப்பு. பேக்கிங் என்னன்னா ஓக் மரப் பீப்பாய், அவ்வளவு தான்.

சரி, மெட்ராஸ்ல வந்து இறங்கின பீரை எப்படிக் குடிக்கிறது? வெதுவெதுன்னா? அதுக்கு முகலாயர் காலத்துலேர்ந்தே ஒரு வழி இருந்துது. வெடியுப்பைத் தண்ணில கரைச்சா தண்ணி சில்லுன்னு ஆகும். அபுல் ஃபசல் அயினி அக்பரியிலயே எழுதி வச்சிருக்கார். வெள்ளைக்காரங்க வீட்ல இதுக்குன்னே ஆப்தார்னு ஒரு வேலைக்காரர். பாட்டிலை அந்தத் தண்ணிக்குள்ள வச்சு ஆட்டிக்கிட்டே இருப்பார். கரைச்ச தண்ணியைக் காய வச்சா வெடியுப்பு திரும்பக் கிடைச்சுடும், மறுநாளைக்கும் ஆச்சு. இது தான் நிஜமான மறுசுழற்சி!

இப்ப காட்சி பாஸ்டனுக்கு மாறுது. ஃபிரடெரிக் டியூடர்னு ஒரு பணக்கார வீட்டுப் பையன். குளிர்காலத்துல ஏரியில உறையிற ஐஸை வெட்டி வெப்ப நாட்டுக்கு வித்தா என்னன்னு யோசிச்சார். ஊரே சிரிச்சுது. 1806-ல மார்ட்டினிக் தீவுக்கு 130 டன் ஏத்திக்கிட்டுப் போனார். அங்க இறக்கி வைக்க இடமில்லை, பெரும்பாலும் உருகி நஷ்டம். பின்னால கடனுக்காக ஜெயிலுக்கும் போனார். மனுஷன் விடலை. வைக்கோல் உட்பட பலதையும் போட்டுப் பார்த்து, கடைசியில மரத்தூளைப் பிடிச்சார்.

அப்ப பாஸ்டனுக்கு வடக்கே மெய்ன் பகுதி மர அறுவை மில்களுக்கு மரத்தூள் ஒரு தலைவலி. ஆத்துல கொட்டிக்கிட்டு இருந்தாங்க. வேண்டாத குப்பை, அதையே டியூடர் காசு குடுத்து வாங்கினார். கூடவே நதானியேல் வயெத்னு ஒருத்தர் 1825 வாக்குல குதிரை இழுக்கிற ஐஸ் கலப்பை ஒண்ணு செஞ்சு குடுத்தார். செங்கல் மாதிரி ஒரே அளவுல வெட்டினதால, இடைவெளி இல்லாம அடுக்க முடிஞ்சுது. இடைவெளி குறைஞ்சா காத்து உள்ள போகாது, உருகறதும் குறையும்.

1833 மே 12-ம் தேதி டஸ்கனிங்கற கப்பல் 180 டன் ஐஸோட பாஸ்டன்லேர்ந்து கிளம்பி, செப்டம்பர்ல கல்கத்தா போய்ச் சேர்ந்துது. நாலு மாசம், அதே ரெண்டு பூமத்திய ரேகை. மிச்சம் இருந்துது எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 100 டன்! என் பார்சல் ரெண்டு நாள்ல வெந்நீர் ஆனதை நினைச்சுப் பார்த்தேன். அவ்வ்வ்வ்...

இதுல மாயமந்திரம் ஒண்ணுமில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகணும்னா, அதே ஒரு கிலோ தண்ணியை 80 டிகிரி சூடாக்கற அளவு வெப்பம் வேணும். குவியல் பெருசாக ஆக, எடைக்கு வெளிப்பரப்பு குறைச்சல். ரெண்டு ஜெல் பொட்டலமும் 180 டன் பாறையும் ஒண்ணாகுமா? அப்புறம் மரத்தூள் இடுக்குல சிக்கின காத்து. வெப்பத்தைத் தடுக்கிறது மரம் இல்லை, அந்த அசையாத காத்து தான். தெர்மகோலும் இதே வித்தை தான் பண்ணுது, அதுல 98 சதவீதம் காத்து. வித்தியாசம் மிச்ச 2 சதவீதத்துல இருக்கு. மரத்தூள் மக்கிப் போயிடும். தெர்மகோல் மக்காது, பொடிப்பொடியா உடைஞ்சு கடல்ல மிதக்கும்.

இன்னொண்ணு, பாஸ்டன்லேர்ந்து கிழக்கே போற கப்பல்ல ஏத்த பெருசா சரக்கு கிடையாது. கல்லும் மண்ணும் பாரத்துக்குப் போட்டுக்கிட்டுப் போவாங்க. அந்த இடத்துல ஐஸ் போச்சு, அதனால கூலியும் மலிவு. குப்பையில சுத்தின குளிர்ச்சி, காலி இடத்துல பயணம்.

மெட்ராஸ்ல அப்ப துறைமுகம் கிடையாது. கப்பல் கடல்ல தள்ளி நிக்கும். சரக்கெல்லாம் மசூலா படகுல அலையில குதிச்சுக் கரைக்கு வரணும். ஓட்டினது நம்ம கடற்கரை மீனவர்கள். அவங்க தோள்ல ஏறி வந்த ஐஸை வைக்க 1842 வாக்குல கடற்கரையோரமா கட்டினது தான் அந்த வட்டமான ஐஸ் ஹவுஸ். வால்டன் ஏரிக்கரையில குடிசை போட்டு இருந்த தோரோ, டியூடரின் ஆட்கள் அந்த ஏரியில ஐஸ் வெட்டினதைப் பார்த்துட்டு, 1854-ல வந்த தன் புத்தகத்துல மெட்ராஸ் பேரையும் எழுதியிருக்கார். சின்ன வயசுல தினம் அந்தக் கட்டடத்தைத் தாண்டித் தான் ஸ்கூலுக்குப் போனேன். இது எதுவும் எனக்குத் தெரியாது.

ரொம்பப் புல்லரிக்க வேண்டாம். அந்த ஐஸ் யாருக்குப் போச்சு? கோட்டையில, கிளப்ல, துரைமார் பங்களாவுல பீருக்கும் கிளாரெட்டுக்கும் போச்சு. அலையில நனைஞ்சு தூக்கி வந்தவன் கையில என்ன மிஞ்சியிருக்கும்? விறைப்பு தான்.

1870-கள்ல நீராவி ஐஸ் மிஷின் வந்தவுடனே பாஸ்டன் ஐஸ் வியாபாரம் படுத்துடுச்சு. கட்டடத்தை பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில விவேகானந்தர் அங்க 9 நாள் தங்கினார். பிற்பாடு சிஸ்டர் சுப்புலட்சுமியின் முயற்சியால இளம் விதவைகளுக்கான விடுதி ஆச்சு. 1963-ல விவேகானந்தர் இல்லம்னு பேர் மாத்தினாங்க. ஆனா ஆட்டோக்காரர்கிட்ட ஐஸ் ஹவுஸ்னு தான் சொல்லணும்.

பீர் பக்கம் என்ன ஆச்சுன்னா, 1870-கள்ல ரெண்டு வழி பிரிஞ்சுது. ஒண்ணு, பாஸ்டர் சொன்ன மாதிரி சூடாக்கிக் கிருமியைக் கொன்னுட்டு அனுப்பறது. இன்னொண்ணு, அமெரிக்காவுல அடால்ஃபஸ் புஷ் பண்ணின மாதிரி ஐஸ் வச்ச ரயில் பெட்டி, வழியெல்லாம் ஐஸ் கிடங்கு. அப்புறம் மிஷின் குளிர்ச்சி வந்து எல்லாத்தையும் மறக்க வச்சுது. 1950-கள்ல தெர்மகோல் வந்துது.

கிராஃப்ட் பீர்காரங்க பலர் சூடாக்கறதில்லை, ஹாப்ஸ் வாசனை போயிடுமாம். அதனால பழைய பிரச்சனை புதுசா வந்திருக்கு. அவங்க தொழில்ல ஒரு தோராயக் கணக்கு உண்டு: 32 டிகிரியில 3 நாள், 22 டிகிரியில 30 நாள், 3 டிகிரியில 300 நாள், மூணும் பீருக்குக் குடுக்கிற மூப்பு ஒண்ணு தான். என் பார்சலுக்கு என்ன நடந்துதுன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

மாற்று இல்லாம இல்லை. இங்கிலாந்துல ஆட்டு ரோமத்தை மெத்தை மாதிரி அடிச்சு டப்பாவுக்குள்ள வைக்கிறாங்க. சொரசொரப்பான ரோமத்துக்கு விலையே இல்லாம விவசாயிங்க தவிக்கிறாங்க, அன்னைக்கு மரத்தூள் மாதிரி. சூட்டைத் தடுக்கறதுல தெர்மகோலுக்குக் கிட்டத்தட்ட சமம். அமெரிக்காவுல ஈக்கோவேட்டிவ் கம்பெனி 2007-லேர்ந்து விவசாயக் கழிவுல காளான் இழையை வளர்த்து டப்பா பண்றாங்க. மரத்தூள் தெர்மகோல்ல பாதி அளவு தான் தடுக்கும். அதனால டப்பா தடிமனாகும், வேன்ல இடம் அடைக்கும். இதையும் மறைக்காம சொல்லணும் இல்லையா?

எங்க அத்தை கல்யாணத்துக்கு ஐஸ் பார் வந்தது ஞாபகம் வருது. மீன்பாடி வண்டியில, கோணிச் சாக்குக்குள்ள, உமி அப்பி வந்துது. மத்தியானம் மூணு மணி வரைக்கும் பன்னீர் சோடா சில்லுன்னு இருந்துது. சாக்கை உதறி எடுத்துக்கிட்டுப் போயிட்டார் வண்டிக்காரர். உமியை மண்டபத்து வாசல்ல கோழி கிளறிக்கிட்டு இருந்துது. அன்னைக்குக் குப்பைன்னு ஒண்ணும் மிஞ்சலை. வைகை அணையில 2017-ல தெர்மகோல் மிதக்க விட்டப்போ நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். என் பரண் மேலயும் அதே தான் வந்து உட்காரப் போகுதுன்னு அப்ப தெரியலை.

இப்பல்லாம் பீர் வேணும்னா பை எடுத்துக்கிட்டு நடந்து போய் வாங்கிக்கறேன். பார்சலே வந்தாலும் உள்ள என்ன வச்சு அனுப்புவீங்கன்னு முன்னாடியே கேட்டுடறேன். பாதிப் பேர் பதில் சொல்றதில்லை, பரவாயில்லை. கேக்கறவங்க கூடினா சொல்லித் தானே ஆகணும்?

டிஸ்கி 1: குடி குடியைக் கெடுக்கும். இது வரலாற்றுப் பதிவு மட்டுமே. :-)

டிஸ்கி 2: ஐஸ் பாரை உமியில சுத்தி வாங்கின அனுபவம் உங்க ஊர்லயும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. மரத்தூளா, உமியா, வைக்கோலான்னு ஊர் பேரோட எழுதினீங்கன்னா தொகுத்துப் போடறேன்.