பெயர் இல்லாத எலும்புகள், எலும்பு கிடைக்காத பெயர்கள்

பிரான்சின் வடக்கே ரிஷ்பூர் என்றொரு கிராமம். 2016-இல் அங்கே மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. கூடவே, தோள்பட்டையில் குத்திக்கொள்ளும் அடையாளத் தகடும் இருந்தது. அதிலிருந்த 39 என்ற எண்ணை வைத்துத்தான் அவர்களில் இருவர் 39-ஆவது கார்வால் ரைபிள்ஸ் படையினர் என்று கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்களுக்காகச் சண்டையிடப் போன நம் நாட்டவர்கள்.

2017 நவம்பரில், பக்கத்து ஊரான லவாந்தியின் ராணுவக் கல்லறையில் அவர்களை முறையாக அடக்கம் செய்தார்கள். இந்தியாவிலிருந்து அதே படைப்பிரிவினர் போயிருந்தார்கள். நூறு வருஷம் கழித்தாவது மரியாதை கிடைத்தது. பெயர் மட்டும் தெரியவில்லை.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் நவ் ஷபேல் என்ற இடத்தில் 1927-இல் திறந்த இந்திய நினைவிடம் இருக்கிறது. உடல் கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதன் சுவரில் உள்ளன. இந்த இருவரின் பெயரும் அந்த வரிசையில்தான் இருக்க வேண்டும். எந்தப் பெயர், எந்த எலும்பு என்று சேர்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் வில்லியனூர், பாகூர் பக்கத்துச் சொல்தா வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. கார்வால்காரர்கள் பிரிட்டிஷ் கொடியின் கீழ் போனார்கள். நம்மவர்கள் பிரெஞ்சுக் கொடியின் கீழ் போனார்கள். 1881-ஆம் வருஷத்து ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள், தங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொண்டார்கள். அந்தப் பெயரோடுதான் அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் கப்பலேறினார்கள்.

முதல் போரில் இறந்தவர்களுக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1938-இல் நினைவுச் சின்னம் திறந்தார்கள். வருஷா வருஷம் ஜூலை 14-இல் மலர்வளையம் வைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போரிலும் நம்மவர்கள் இருந்தார்கள். வியட்நாம் மண்ணில் கிடந்த பிரெஞ்சுப் படையினரின் எலும்புகளை 1986, 87-இல் விமானத்தில் கொண்டுபோய், தென் பிரான்சின் ஃபிரெழூஸ் ஊரில் சேர்த்தார்கள். 1993-இல் அதிபர் மித்தெரான் அந்த நினைவிடத்தைத் திறந்து வைத்தார். பெயர் தெரிந்தவர்கள் 17,000-க்கு மேல். பெயர் தெரியாத 3,000-க்கு மேற்பட்டவர்களை ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

உடல் வராத சாவுக்கு நம் பக்கத்தில் வேறு வழி உண்டு. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்துக் காரியத்தை முடிப்பார்கள். அந்தப் புல் உருவத்துக்குக்கூடப் பெயர் சொல்லித்தான் சடங்கு நடக்கும். பெயரும் எலும்பும் சேராவிட்டாலும், பெயரையாவது நாம் விடுவதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் 'மெமுவார் தேஸ் ஓம்' என்ற இணையதளத்தில் முதல் போரில் இறந்தவர்களின் அட்டைகளை வைத்திருக்கிறது. பிறந்த நாள், பிறந்த ஊர், படைப்பிரிவு, இறந்த இடம் எல்லாம் அதில் இருக்கும். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'மு' என்ற எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் எம், ஓ, யு என்று மூன்றெழுத்தாக எழுதுவார்கள். முருகனை நம் ஆங்கில வழக்கப்படி தேடினால் கிடைக்க மாட்டார்.

வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தால், அதிலுள்ள ராணுவக் கையேட்டையும் பதக்கத்தையும் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் பிள்ளைகளிடம் காட்டுங்கள். புகைப்படத்தின் பின்பக்கம் இன்னார் என்று எழுதி வையுங்கள். ரிஷ்பூரில் ஒரு சின்னத் தகடுதான் இரண்டு பேரை அவர்கள் படையிடம் சேர்த்தது. நம் வீட்டுக் காகிதத்தில் அதைவிட அதிகம் இருக்கிறது.