புல்லட்டின் 6 வோல்ட்டும் போனின் 5 வோல்ட்டும்

புதுச்சேரியில் வாடகை ஸ்கூட்டர்களைக் கவனியுங்கள்: ஹேண்டில்பாரில் போன், போனில் மேப், பக்கத்திலேயே சார்ஜர் பாயிண்ட். பழைய புல்லட்டில் அதே பாயிண்ட் வைக்கிறது ஏன் தலைவலின்னு புரிய, கொஞ்சம் சரித்திரம் வேணும்.

வண்டியில் இருக்கிற லெட்-ஆசிட் பேட்டரி பிரெஞ்சு சரக்கு. காஸ்தோன் பிளாந்தே 1859-இல் செய்தார். 1881-இல் கமில் ஃபோர் தகடுகளில் ஈயப் பசை பூசி அதைத் தொழிற்சாலையில் செய்யத் தக்கதாக்கினார். அப்போது இந்த ஊரும் பிரான்ஸிடம்தான். 1954 நவம்பர் 1-இல் ஊர் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. அடுத்த வருஷம், 1955-இல், மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின.

அந்தக் கால புல்லட் 6 வோல்ட். விளக்குக்கும் ஹாரனுக்கும் அளந்து வைத்த மின்சாரம். போனுக்கு வேண்டியது 5 வோல்ட், ஒண்ணுதானே வித்தியாசம்னு தோணும். அங்கேதான் சிக்கல். 7805 என்ற மூணுகால் ஐசி 5 வோல்ட் தர, உள்ளே சுமார் 7 வோல்ட் வேணும். 6 வோல்ட் பேட்டரியில் அது வேலைக்காகாது. 12 வோல்ட்டில் ஓடும், ஆனால் 1 ஆம்பியருக்கு 5 வாட் போனுக்கு, 7 வாட் வெறும் சூட்டுக்கு! அதனால்தான் இப்போது எல்லாவற்றிலும் பக் கன்வர்ட்டர்.

அதிலும் 10 வாட் சார்ஜிங் 6 வோல்ட் வண்டியில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் பாதிதான். முதலில் வண்டியை 12-க்கு மாற்றுவதே என் கட்சி. அப்புறம் பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ், இணைப்பு சாவிக்குப் பின்னால். நேராகப் பேட்டரியில் கொடுத்தால், நிறுத்தி வைத்த வண்டியிலும் கன்வர்ட்டர் சொட்டுச் சொட்டாகக் குடிச்சிட்டே இருக்கும்.