வீட்டுக் கணினியும் உளவு மென்பொருளும்: பீமா கோரேகான் வழக்கு தரும் பாடம்

"மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை, என் கணினியை எவர் உளவு பார்த்தால் என்ன?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. பீமா கோரேகான் வழக்கைப் படித்தவர்கள் அவ்வாறு கேட்க மாட்டார்கள். கணினியில் உள்ளதைத் திருடுவதோடு, அதில் இல்லாததைக் கொண்டுவந்து வைக்கவும் உளவு மென்பொருளால் முடியும்.

வழக்கில் நடந்தது என்ன?

1818ஆம் ஆண்டுப் போரில் பேஷ்வா படையை எதிர்த்துப் போரிட்ட மகர் வீரர்களின் 200ஆம் ஆண்டு நினைவுநாளுக்காக, 2018 ஜனவரி 1 அன்று தலித் மக்கள் பீமா கோரேகானில் திரண்டனர். அவர்கள் தாக்கப்பட்டனர். அதையொட்டிய வழக்கில் 16 பேர் கைது செய்யப்பட்டனர். நாக்பூர் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், ஆய்வாளர் ரோனா வில்சன், திருச்சிக்கு அருகே பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே பணியாற்றிய அருட்தந்தை ஸ்டேன் சுவாமி ஆகியோர் அவர்களுள் அடங்குவர். கைப்பற்றப்பட்ட கணினிகளில் இருந்ததாகக் கூறப்பட்ட கடிதங்களே முதன்மைச் சான்றுகளாயின.

வில்சனின் கணினிப் பதிவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்படி ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. 2016 ஜூன் 13 அன்று, வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த ஒரு கோப்பை வில்சன் திறந்தார். அதன் வழியே நெட்வயர் என்னும் உளவு மென்பொருள் புகுந்தது. 22 மாதங்களுக்கு மேல் கணினி பிறர் கட்டுப்பாட்டில் இருந்தது. மறைவான கோப்புறை ஒன்றில் பத்துக் கடிதங்கள் வைக்கப்பட்டன. அக்கணினியில் அவை ஒருமுறைகூடத் திறக்கப்பட்டதற்குத் தடயமில்லை. இவையே அறிக்கையின் முடிவுகள். தேசியப் புலனாய்வு முகமை இவற்றை ஏற்கவில்லை.

ஸ்டேன் சுவாமி, விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று தமது 84ஆம் வயதில் காவலிலேயே மறைந்தார். அவருடைய கணினியிலும் கோப்புகள் புகுத்தப்பட்டன என்று கூறும் அறிக்கை 2022 டிசம்பரில்தான் வெளிவந்தது.

நம் பகுதிக்கு இதில் என்ன?

வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை, ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வது வழக்கம். அண்ணனின் கல்லூரிப் பணி, தங்கையின் தேர்வு விண்ணப்பம், தெருவினரின் தகவல் அறியும் உரிமை மனு அனைத்தும் ஒரே கணினியில் நடைபெறும். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் அம்மோனியாவும் கசிந்தது. இத்தகைய நிகழ்வுகளில் மக்கள் திரட்டும் படங்களும் ஆவணங்களும் சேருமிடம் அந்தக் கணினிதான். ஒருவர் கவனக்குறைவாகத் திறக்கும் கோப்பு அனைவரையும் பாதிக்கும்.

காத்துக்கொள்ளும் வழிகள்

பெகாசஸ் போன்ற விலையுயர்ந்த கருவி, எதையும் தொடாதபோதே கைப்பேசிக்குள் புகவல்லது. நெட்வயரோ, 2023 மார்ச்சில் அதன் தளம் முடக்கப்படும்வரை இணையத்தில் வெளிப்படையாக விற்கப்பட்டது. இவ்வகை மென்பொருளைப் பெருமளவு தடுக்க எளிய பழக்கங்களே உதவும்.

1. தெரிந்தவரிடமிருந்து வந்தாலும், எதிர்பாராத கோப்பைத் திறக்குமுன் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். வில்சனை வீழ்த்தியது நண்பரின் பெயர்தான்.

2. கோப்பின் முழுப்பெயரைக் காட்டும்படி விண்டோஸை அமையுங்கள். கடிதம்போல் தோன்றும் கோப்பு '.இஎக்ஸ்இ' என முடிந்தால் தொடாதீர்கள். ஜிப், ரார் பொதிகளிலும் எச்சரிக்கை தேவை.

3. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினியில் திருட்டு மென்பொருள் இருந்தால், வட்டை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்தன. புதிய விண்டோஸ் ஏற்காத கணினியில் விலையில்லா லினக்ஸ் நிறுவலாம்.

4. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்குங்கள். நிர்வாகி கணக்கை மென்பொருள் நிறுவ மட்டும் பயன்படுத்துங்கள்.

5. மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு அவசியம். உங்கள் கணக்கு பறிபோனால், உங்கள் பெயரைக் கொண்டே தோழர்களுக்குப் பொறி வைக்கப்படும்.

6. மாதந்தோறும் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, தேதி குறித்து, நம்பிக்கையானவரிடம் வையுங்கள். அன்று கணினியில் என்ன இருந்தது என்பதற்கு அது துணைச்சான்றாகக்கூடும்.

ஐயம் எழுந்தால்

இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். வழக்கு வரக்கூடும் என்று கருதினால் வட்டை அழிக்காதீர்கள். ஊடுருவலின் தடயமும் அதனுள்தான் இருக்கிறது.

காவல்துறை கணினியைக் கைப்பற்ற வந்தால் உடனே வழக்கறிஞரை அழையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்கீழ், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் ஹாஷ் எண் இடம்பெற வேண்டும். ஹாஷ் எண் ஒரு கைரேகை போன்றது. வட்டில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். கைப்பற்றும் இடத்திலேயே அந்த எண்ணை எழுத்துவடிவில் கேளுங்கள். பின்னர் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதைச் சரிபார்க்க அந்த எண்ணே உதவும்.