மருத்துவத் தவறும் இழப்பீடும்

நமுனுகுல மலைச்சாரலில் உள்ள தோட்டமொன்றில் ஒருவர் நோய்வாய்ப்பட்டால் முதலில் தோட்ட மருந்தகம், அடுத்து பசறை வைத்தியசாலை, அதன் பின்னர் பதுளை பொது வைத்தியசாலை என்பதே வழமையான பாதையாகும். இப்பாதையில் எங்கேனும் கவனக்குறைவினால் ஓர் உயிர் பறிபோனால், "தலைவிதி" என்றும் "இறைவனின் நாட்டம்" என்றும் கூறி, இறுதிக் கிரியைகளையோ ஜனாஸா நல்லடக்கத்தையோ முடித்துவிட்டு மௌனமாகி விடுவதே எமது மக்களின் இயல்பாக இருந்து வருகின்றது. இறை நம்பிக்கை வேறு, சட்ட உரிமை வேறு என்பதை நாம் உணர வேண்டும்.

இலங்கையில் மருத்துவத் தவறுக்கான இழப்பீடு, ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் கோரப்படுகின்றது. வழக்காளி மூன்று விடயங்களை நிரூபிக்க வேண்டும். அத்துறையில் நியாயமான திறமையுடைய ஒரு வைத்தியர் காட்டும் கவனம் காட்டப்படவில்லை என்பது முதலாவது. அத்தவறே பாதிப்புக்குக் காரணம் என்பது இரண்டாவது. அதனால் ஏற்பட்ட இழப்பு இன்னதென்பது மூன்றாவது.

இவற்றுள் இரண்டாவதே கடினமானது என்பதற்கு, பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிரான வழக்கு சான்றாகும். 1992 இல் மூளைக் கட்டியினால் உயிரிழந்த சிறுமியொருவரின் தந்தை தொடுத்த அவ்வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 2 இலட்சத்து 50 ஆயிரமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றமோ, கவனக்குறைவு இருந்ததை ஏற்றுக்கொண்ட போதிலும், அதுவே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி முழுத் தொகையையும் நீக்கியது. பெற்றோரின் துயரத்துக்கு விலையில்லை, பொருளிழப்புக்கே இழப்பீடு என்ற பழைய சட்டத்தின் குறைபாடும் அவ்வழக்கில் வெளிப்பட்டது. மரணத்துக்கான நட்டஈட்டை அறவிடுதல் தொடர்பான 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், பொருளிழப்புக்கு அப்பாலும் உறவினர் இழப்பீடு கோர வழி திறந்துள்ளது.

அயல்நாடான இந்தியாவில், 1998 இல் மனைவியை இழந்த வைத்தியர் குணால் சாஹாவுக்கு 2013 இல் உச்ச நீதிமன்றம் வட்டி நீங்கலாக ஏறத்தாழ 6 கோடி இந்திய ரூபாவை வழங்கியது. ஆயினும் அங்கும் இங்கும் வருமானமே கணக்கின் அடிப்படையாகும். கொழுந்து பறிக்கும் தாயின் நாட்கூலியைக் கொண்டு அவரது உயிரின் பெறுமதியை அளப்பது நீதியா என்ற வினாவை நாம் எழுப்பாதிருக்க முடியாது.

யாருக்கு எதிராக வழக்குத் தொடுப்பது? அரச வைத்தியசாலை ஊழியரின் தவறுக்கு 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசு பொறுப்பாகும். வழக்கிடுவதற்கு ஒரு மாதம் முன்னரே சட்டமா அதிபருக்கு அறிவித்தல் வழங்க வேண்டும். தோட்ட மருந்தக ஊழியரின் தவறாயின், அவரைப் பணிக்கமர்த்திய கம்பனியும் பதிலளிக்க வேண்டியிருக்கும். இலங்கை மருத்துவ சபை ஒரு வைத்தியரின் பதிவை நீக்கலாமே தவிர, இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரமில்லை.

காலக்கெடு மிக முக்கியமானதாகும். நட்டஈட்டு வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள்ளும் தாக்கல் செய்யப்பட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

சான்றுகளே வழக்கின் உயிராகும். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, நோய் நிர்ணய அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நோயாளி தனது பதிவேடுகளைக் கோரலாம். சந்தேகத்துக்குரிய மரணத்தில், விரைவாக அடக்கம் செய்யும் ஆவலில் பிரேத பரிசோதனை வேண்டாமென மன்றாடுவோர் பலர். அவர்களது உணர்வு மதிக்கத்தக்கதே. ஆனால் மரணத்தின் காரணத்தை நிரூபிக்கும் வழியும் அத்துடனேயே புதைக்கப்பட்டு விடலாம்.

வசதியற்றோருக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. தொழிற்சங்கங்களும் கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இத்தகவல்களை லயன் அறைகள் வரை கொண்டு செல்ல வேண்டும். வைத்தியர்களைப் பகைவராகக் கருதுவது எமது நோக்கமன்று. பெரும்பாலானோர் குறைந்த வசதிகளுடன் அரும்பணி ஆற்றுகின்றனர். எனினும், தவறுக்குப் பதில் கேட்கத் தெரிந்த சமூகத்துக்கே நல்ல வைத்தியசாலைகளும் கிட்டும் என்பது எமது நம்பிக்கையாகும்.